கடல் கடந்து வரும் பொங்கல்: வற்றாப்பளைத் திருவிழாவும் புலம்பெயர் குடும்பங்களும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோர் அங்குள்ள வழிபாட்டிடங்களைக் கட்டடங்களாக நோக்குவதிலும் பார்க்கப் பாதைகளின் முடிவிடங்களாக நோக்குதல் கூடிய பயன் தரும். யாழ்ப்பாணத்துக் கோயில்கள் ஊர்மனைகளின் நடுவே அமைந்தவை. அவற்றின் திருவிழாவுக்குச் செல்வது பெரும்பாலும் ஒரு தெருவைக் கடந்து செல்வதாகும். வன்னியின் நிலை வேறு. வற்றாப்பளை, புளியம்பொக்கணை, புதூர், மடு ஆகிய தலங்கள் காட்டையும் களப்பையும் கடந்து, வண்டில் பூட்டி, சோறு கட்டி, சிறு பிள்ளைகளைத் தோளிற் சுமந்து சென்றடைய வேண்டிய இடங்களாக நெடுங்காலம் இருந்தன. ஆகவே வன்னியில் திருவிழா என்ற சொல் பிரயாணம் என்னும் பொருளையும் உட்கொண்டே வழங்கிற்று எனலாம்.

அண்மைத் தசாப்தங்களில் அப்பிரயாணத்தின் தூரம் ஆயிரக்கணக்கான மைல்களாக வளர்ந்துவிட்டது. இலண்டன், பாரிஸ், சூரிச், ரொறன்ரோ முதலிய நகரங்களில் வாழும் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டத்துக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு விமானமேறி ஊர்ப் பொங்கலுக்கு வருகின்றன. இவ்வாறு வருதல் தகுமா, செலவுக்கும் அலைச்சலுக்கும் ஈடான பயன் அதனால் உண்டா என்ற வினா வருவோர் வீடுகளில் மட்டுமன்றி வரவேற்போர் வீடுகளிலும் எழுகின்றது. இதனைத் தனிப்பட்ட குடும்பங்களின் பணப்பையைப் பற்றிய வினா எனக் கொண்டு விட்டுவிடுதல் இலகு. ஆயின் பயன் என்பது யாருக்கு, எந்த உறவின் அடிப்படையில் என்று கேட்கத் தொடங்கியதும் அது வரலாற்று வினாவாகிவிடுகின்றது. இக்கட்டுரை வற்றாப்பளைப் பொங்கலைப் பிரதான உதாரணமாகக் கொண்டு அதனை அணுக முயல்கின்றது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் முல்லைத்தீவு நகருக்கு அண்மையில், நந்திக்கடற் களப்பின் கரையில் அமைந்துள்ளது. மதுரையை எரியூட்டிய கண்ணகி ஈழம் போந்து, பல இடங்களில் தங்கி, பத்தாவதாக வந்தமர்ந்த பளை ஆதலாற் பத்தாப்பளை எனப்பட்டு அது வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர்மக்கள் கூறும் பெயர்க்காரணம். மொழிநூலார் இதனை ஏற்பரோ என்பது வேறு விடயம். ஐதிகம் சித்திரிக்கும் நிகழ்ச்சியே நமக்கு முக்கியமானது. களப்புக் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த இடைச் சிறுவர் முன் முதியவள் ஒருத்தி தோன்றிப் பசிக்கிறது என்கிறாள். சிறுவர்கள் பொங்கிக் கொடுக்கின்றனர். பொழுது படுகிறது; விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை வார்த்து ஏற்றும்படி அவள் கூற, விளக்கு எரிகின்றது. பின்னர் தலையிற் பேன் பார்க்குமாறு கேட்கிறாள். கூந்தலை விலக்கிய சிறுவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் காண்கின்றனர். அவள் மறைந்துவிடுகிறாள்.

இக்கதையில் தெய்வம் வரும் கோலம் ஊன்றி நோக்கத்தக்கது. அவள் கடல் கடந்து வந்தவள், சுற்றம் அற்றவள், பசித்தவள். அவளை ஏற்று உணவளித்தோர் நிலவுடைமையாளரோ வன்னிமைகளோ அல்லர். பிறர் மாட்டை மேய்த்த பிள்ளைகள். வன்னியின் பெருந்தெய்வம் ஓர் ஏதிலியாக வந்து வறியவர் கையில் உண்டது என்பதே இவ்வைதிகத்தின் சமூகப் பொருளாகும். வெளிநாட்டிலிருந்து பொங்கலுக்கு வருவோரை மதிப்பிடுவதற்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் வேறொன்று கிடையாது.

பொங்கல் வைகாசிப் பூரணையை அண்டிய திங்கட்கிழமையில் நிகழும். அது ஒருநாள் விழா என்று வெளியூரார் எண்ணுவது தவறு. இரு வாரங்களுக்கு முன்னைய திங்களிற் பாக்குத்தெண்டல் நடைபெறும். விழாவுக்குரிய பாக்கும் வெற்றிலையும் மரபுரிமையுடைய வீடுகளிலிருந்து பெறப்படுவதோடு பொங்கல் தொடங்கிவிடுகின்றது. அடுத்த திங்களில் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் முகந்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவர். அந்நீரில் ஏற்றிய விளக்கு அங்கு ஒரு கிழமை எரியும். ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகர் கோயிலிற் பொங்கல். அதன்பின் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. வளந்து நேர்தல், சிலம்பு கூறல், காவடி, தூக்குக்காவடி முதலியவற்றோடு திங்கள் இரவு முழுவதும் சனத்திரள் நிறைந்திருக்கும். கடலோரத்தார், வயலூரார், காட்டூரார் என முத்திறத்தாரையும் ஒரே கிரியைத் தொடரிற் பிணைக்கும் ஒழுங்கு இங்குக் காணப்படுகின்றது. அவ்வொழுங்கு முழுமையாகப் புலப்படுவது 14 நாளும் நின்றோர்க்கே. திங்கட்கிழமை மாலை வாகனத்தில் வந்து செவ்வாய் காலை திரும்புவோர்க்கு அதன் கடைசி அங்கம் மட்டுமே கிட்டும்.

காலத்தேர்வும் தற்செயலானதன்று. வன்னியின் காலபோக அறுவடை பங்குனியளவில் முற்றுப்பெறும். புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல் பங்குனி உத்தரத்திலும் வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியிலும் அமைந்திருப்பது பட்டறையில் நெல்லும் குடும்பத்தில் ஓய்வும் உள்ள பருவத்தோடு இயைகின்றது. தென்மராட்சி, பச்சிலைப்பள்ளிப் பகுதிகளிலிருந்து மாட்டுவண்டில்களில் புளியம்பொக்கணைக்குச் சென்றோர் பக்தியோடு வேறு அலுவல்களையும் ஏற்றிச் சென்றனர். அரிவு வெட்டுக்கு ஆள் பேசுதல், மாடு பார்த்தல், தோட்டத்துக்கு எருவும் தழையும் ஒழுங்கு செய்தல், மணம் பேசுதல், பழைய கடனைத் தீர்த்தல் என்பன திருவிழாவின் நிழலில் நடந்தேறின. குடாநாட்டின் புகையிலைத் தோட்டமும் வன்னியின் மாட்டுப்பட்டியும் ஒன்றையொன்று வேண்டிநின்ற காலத்தில், குடும்பத்தோடு திருவிழாவுக்குப் போவதாற் பயன் உண்டா என்று எவரும் கேட்டிருக்க முடியாது. பயன் கண்முன்னே இருந்தது.

வற்றாப்பளைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. செல்வச்சந்நிதியிலிருந்து கீழைக்கரை வழியாகக் கதிர்காமம் நோக்கிச் செல்லும் பாதயாத்திரிகர் இங்கு தங்கிப் பொங்கல் கண்டபின்பே தெற்கு நோக்கிச் செல்வது வழக்கம். ஆதலின் இது முடிவிடமாகவும் இடைத்தங்கலாகவும் ஒருங்கே விளங்கிற்று. அப்பாதையின் தென்கோடியில், 1910இல் கதிர்காம யாத்திரையை மேற்பார்வை செய்த அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபர், பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ப் ஆவார். யூதக் குடும்பத்திற் பிறந்து எச்சமயத்தையும் நம்பாத அவருக்கு வாய்த்த அப்பணி ஒரு வேடிக்கையே. ஆனால் யாத்திரை மரபு பற்றிய நமது வினாவை ஆராய யூதர்களின் அனுபவம் வேறு வகையிற் பெரிதும் துணைபுரிகின்றது.

அதற்கு முன் மடுவைப் பற்றிச் சில சொற்கள். அது மன்னார் மாவட்ட எல்லைக்குள் இருப்பினும் வன்னிக் காட்டின் தலமேயாகும். ஒல்லாந்தரின் சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சி 1670 அளவில் மாந்தையிலிருந்து ஏறத்தாழ 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தோடு காட்டுக்குள் வந்தமை அதன் தோற்றமாகக் கூறப்படும். அகதிகள் நிறுவிய தலம் பின்னர் இலங்கை முழுவதற்கும் யாத்திரைத் தலமாயிற்று. 1905இல் யாழ்ப்பாணத்தை எட்டிய வடபகுதிப் புகையிரதப் பாதையும், 1914இல் தலைமன்னார் வரை திறக்கப்பட்ட கிளைப்பாதையும் அதனைத் தொலைவிலுள்ள குடும்பங்களுக்குக் கிட்டச் செய்தன. 1924 ஆடி 2ஆம் நாள் மாதாவுக்கு முடிசூட்டப்பட்டது. 1895இல் வெளியான ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூல் காட்டும் உடைந்த குளங்களும் மலேரியாவும் நிறைந்த அருகிய குடிசனமுள்ள நிலத்தோடு இதனை ஒப்பிடுக. ஆண்டின் பெரும்பகுதியில் ஆளரவமற்றிருந்த காடு சில கிழமைகளுக்கு நகரமாக மாறிற்று. புகையிரதம் வந்தபின் யாத்திரை இலகுவாயிற்று. அதேவேளை அது சுருங்கவும் தொடங்கிற்று. தங்கும் நாட்கள் குறைந்தன. விமானம் செய்வதும் இதனையே, பன்மடங்காக.

பெருநாளுக்காகக் குடும்பத்தோடு பிரயாணம் செய்யும் வினாவை மிக நீண்டகாலம் விவாதித்த மக்கள் யூதரே. உபாகம நூலின் 16ஆம் அதிகாரம் பாஸ்கா, வாரங்களின் பெருநாள், கூடாரப் பெருநாள் ஆகிய மூன்றுக்கும் ஆண்மக்கள் யாவரும் ஆண்டவர் தெரிந்தெடுத்த தலத்துக்கு வரவேண்டும் என விதித்தது. வெறுங்கையோடு வராது அவரவர் இயல்புக்கேற்பக் கொணர வேண்டும் என்பதும் அதன் விதி. வாரங்களின் பெருநாள், கூடாரப் பெருநாள் ஆகியவற்றின் மகிழ்ச்சியில் மகனும் மகளும் மட்டுமன்றி வேலைக்காரர், அந்நியர், அநாதைகள், விதவைகள் ஆகியோரும் பங்குபெறுதல் வேண்டும் என அந்நூல் சுட்டுகின்றது. கி.பி. 200 அளவிற் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், யாத்திரைக் கடமையிலிருந்து விலக்களிக்கப்படும் சிறுபிள்ளை யார் என்ற ஆராய்ச்சி வருகின்றது. எருசலேமிலிருந்து ஆலய மலைக்குத் தந்தையின் தோளில் ஏறிச் செல்ல இயலாத பிள்ளை என்றனர் ஷம்மாய் மரபினர். தந்தையின் கையைப் பிடித்து நடந்து செல்ல இயலாத பிள்ளை என்றனர் ஹில்லேல் மரபினர். இவ்விரு விடைகளுக்கிடையே உள்ள தூரம் சிறியது அன்று. முன்னையதில் பிள்ளை காவிச் செல்லப்படுகின்றது. பின்னையதில் தானே நடக்கின்றது. இலண்டனிலிருந்து கைக்குழந்தையைக் கொண்டுவருவதா, பத்து வயதாகும்வரை பொறுப்பதா என்று தயங்கும் பெற்றோரும் அறியாமலே இவ்விவாதத்தையே தொடர்கின்றனர்.

லூக்காவின் நற்செய்தியும் இத்தகைய குடும்ப யாத்திரை ஒன்றைக் காட்டுகின்றது. ஆண்டுதோறும் பாஸ்காவுக்கு எருசலேம் சென்ற நாசரேத்துக் குடும்பம் 12 வயது மகனோடு சென்ற ஆண்டில் அவனைத் தவறவிடுகின்றது. உறவினர் கூட்டத்திற் தேடிக் காணாது, மூன்று நாட்களின் பின் ஆலயத்திற் பெரியோர் நடுவே வினாக்கள் கேட்டுக்கொண்டிருக்கக் காண்கின்றனர். பிள்ளை ஒரு நாள் முழுவதும் உறவினரோடு இருப்பான் என்று பெற்றோர் நம்பிச் சென்றமையே இங்குக் கவனத்துக்குரியது. யாத்திரை என்பது பிள்ளையை உறவினர் கூட்டத்திடம் ஒப்படைக்கும் நிகழ்ச்சியாக இருந்தது.

கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். செல்ல இடமின்றிப் போனபோது பாஸ்கா வீட்டுக்குள், உணவு மேசைக்கு வந்தது. பிள்ளை வினவ மூத்தோர் விடுதலைக் கதையைச் சொல்லும் சடங்காக நிலைபெற்றது. பிரயாணம் இல்லாமலும் பெருநாள் வாழும் என்பதற்கு இதுவே தக்க சான்று. அதேவேளை சிதறி வாழ்ந்தோர் தாயகத்துக் காலக்கணிப்பை விட்டுவிடவில்லை. பிறை கண்ட செய்தியைத் தூதர் கொண்டுவரக் காலம் பிடித்தமையால் தொலைவில் இருந்தோர் ஐயத்தின் பொருட்டு ஒருநாட் பெருநாளை இருநாள் கொண்டாடினர். கணிதமுறைப் பஞ்சாங்கம் அமைந்து ஐயம் நீங்கிய பின்னரும் அந்த இரண்டாம் நாள் நீங்கவில்லை. இன்று பாஸ்காவுக்காகக் குடும்பத்தோடு எருசலேம் செல்லும் நியூயோர்க் யூதர் அங்கே ஒருநாள் கொண்டாடுவதா இருநாள் கொண்டாடுவதா என்று அவர்தம் சமய அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. விருந்தாளியா, வீட்டுக்காரரா என்ற வினாவே சட்ட வினாவாக உருமாறி நிற்கின்றது.

இவ்வொப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. தமிழ் அரசியல் மேடைகளில் யூதர் உதாரணம் அடிக்கடி கையாளப்பட்டது. நாடற்று அலைந்தோர் நாடு பெற்றனர் என்பதோடு அப்பேச்சு முடிந்துவிடும். 1948இல் அந்நிலத்திலிருந்து பலத்தீன மக்கள் பெயர்க்கப்பட்டமை அங்கு கூறப்படுவதில்லை. நாம் இங்குக் கருதுவது நாட்டை அடைதலையன்று, பெருநாளுக்குச் சென்று திரும்புதலையே. அதற்குத் துனீசியாவின் ஜெர்பா தீவு பொருத்தமான உதாரணம். 1948இல் ஏறத்தாழ ஓரிலட்சமாக இருந்த துனீசிய யூதர் தொகை இன்று ஈராயிரத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் பிரான்சுக்கும் இஸ்ரேலுக்கும் குடிபெயர்ந்தனர். ஆயினும் ஆண்டுதோறும் பாஸ்காவுக்குப் பிந்திய 33ஆம் நாளையொட்டி ஜெர்பாவின் கிரீபா தொழுகைக்கூடத்துக்கு அவர்களுட் பலர் குடும்பத்தோடு வருவது வழக்கமாயிற்று. கிரீபா என்ற சொல்லுக்கு அந்நியப் பெண் என்பது பொருள். எங்கிருந்தோ வந்து தனித்து வாழ்ந்த பெண்ணொருத்தியின் கதை அத்தலத்தோடு இணைந்துள்ளது. பெண்கள் முட்டைகளில் தம் வேண்டுதல்களை எழுதி அங்கு வைப்பர். வற்றாப்பளையை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. 2002இல் அக்கூடத்தின் வாயிலிற் குண்டுத்தாக்குதல் நிகழ்ந்தது. 2023 மே 9இல் யாத்திரையின்போதே துப்பாக்கிச் சூட்டில் யாத்திரிகரும் காவலரும் உயிரிழந்தனர். 2024இல் விழா பெரிதும் சுருக்கப்பட்டது. இத்தனைக்குப் பின்னும் வர விரும்புவோர் இல்லாமற் போகவில்லை.

வன்னிக்கு மீள்வோம். 1990இல் வடக்குக்கான புகையிரதம் நின்றது. 1995 இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து பெயர்ந்த மக்களுட் பெருந்தொகையினர் வன்னிக்குள் வந்தனர். யாத்திரிகர் தங்கிய மரநிழல்களில் அகதிகள் தங்கினர். 1999 நவம்பரில் மடுத் தேவாலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் எறிகணை வீச்சில் மாண்டனர். 2002 சித்திரையில் ஏ-9 பாதை திறக்கப்பட்டமை வரலாற்றுத் திருப்பமாகும். ஓமந்தையையும் முகமாலையையும் கடந்து வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு குடும்பங்கள் வரத் தொடங்கியது அப்போதுதான். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2006 ஆவணியில் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2008 சித்திரையில் மடு மாதாவின் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. 2009இல் முல்லைத்தீவு மாவட்டம் முற்றாக வெறுமையாயிற்று. மக்கள் செட்டிகுளம் மெனிக் பாமில் அடைக்கப்பட்டனர். அம்முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரிலேயே.

இப்பின்னணியில் வற்றாப்பளைப் பொங்கல் புதியதொரு கனத்தைப் பெற்றது. போரின் இறுதி நாட்கள் கழிந்த முள்ளிவாய்க்கால் இதே நந்திக்கடலின் ஓரத்தில் உள்ளது. மே 18 நினைவுநாளும் வைகாசித் திங்களும் ஒன்றையொன்று நெருங்கியே வருகின்றன. குடும்பத்தோடு வருவோர் பலருக்குப் பொங்கலும் நினைவேந்தலும் ஒரே பிரயாணத்தின் இரு பகுதிகள். ஒன்றிற்காக விடுமுறை பெற்று மற்றதற்காக வருவோரும் உளர். பிள்ளைகளுக்கு எதனை முதலிற் காட்டுவது, எவ்வளவு சொல்வது என்பது பெற்றோரின் பெருஞ்சங்கடம். களப்பைக் காட்டி இங்குதான் கண்ணகை வந்திருந்தாள் என்று சொல்லும் வாய் அடுத்த வாக்கியத்தைத் தொடர்வது எளிதன்று. தொடராமல் விடுவதும் எளிதன்று.

யார் வர முடியும் என்பதும் கேட்கப்படவேண்டும். அகதி நிலையில் வாழ்வோர் தாயகத்துக்குச் சென்றால் அந்நிலையை இழக்கும் இடர் உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை பாதுகாப்பு முடிவுறும் நிலைமைகளைக் கூறுவது இதற்கு ஏதுவாகின்றது. எனவே குடியுரிமை பெறும்வரை பெற்றோரின் மரணச்சடங்குக்கும் வரமுடியாது கழித்தோர் பலர். பிற்காலத்திலும் 2014 ஒக்டோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடையோர் வடக்குக்குச் செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறவேண்டும் என்ற நிபந்தனை மீளக் கொண்டுவரப்பட்டு 2015 தையில் நீக்கப்பட்டது. ஆகவே குடும்பத்தோடு திருவிழாவுக்கு வருதல் என்பது குடியுரிமை, வருமானம், விடுமுறை ஆகிய மூன்றும் வாய்த்தோரின் வினா.

விடுமுறை பற்றிய விடயம் சிறியதாகத் தோன்றினும் பெரும் விளைவுடையது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் பாடசாலைகளின் நீண்ட கோடை விடுமுறை ஆடி ஆவணியில் அமைகின்றது. நல்லூரின் 25 நாள் திருவிழாவும் மடுவின் ஆவணி 15ஆம் நாட் பெருவிழாவும் அதனோடு பொருந்துகின்றன. பங்குனி உத்தரமும் வைகாசித் திங்களும் பொருந்துவதில்லை. இங்கிலாந்தில் பாடசாலைத் தவணைக்குள் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர் குற்றப்பணம் செலுத்த நேரிடும். இதனால் வன்னிக் குடும்பமொன்று தன் ஊர்த் தெய்வத்தை விடுத்து நல்லூர்த் தேருக்கு வருவது சாதாரணமாகிவிட்டது. பிள்ளை யாழ்ப்பாணத்தைத் தாயகமாக அறிகின்றது. முள்ளியவளையை ஒருநாட் பயணமாக அறிகின்றது. முன்னர் வன்னியை நோக்கி வண்டில் கட்டிய குடாநாடு இன்று வன்னியின் பிள்ளைகளைத் தன்பால் ஈர்க்கின்றது. பாரிஸ் மாணிக்க விநாயகர், யேர்மனி ஹம் காமாட்சி அம்பாள் முதலிய கோயில்கள் தேரை ஞாயிற்றுக்கிழமைக்கு அமைத்துக் கொண்டன. வற்றாப்பளை திங்களை விட்டுக்கொடுக்கவில்லை. இது பிடிவாதம் எனச் சிலர் கருதலாம். எனது கருத்தில் அத்திங்களே விழாவின் உயிர். ஞாயிறாக்கப்பட்ட கணத்தில் அது வேறொரு கோயிலின் விழாவாகிவிடும்.

வரவேற்கும் வீட்டின் நிலைமை பற்றிப் புலம்பெயர்ந்தோர் எழுதுவன குறைவு. பழைய யாத்திரையில் விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே வாழ்நிலையினர். வந்தவர் நெல் குற்றினார், விறகு பிளந்தார். அடுத்த பங்குனியில் இவர் அங்கு சென்றார். கைம்மாறு இயல்பாக நிகழ்ந்தது. இன்றைய வருகையில் அச்சமநிலை இல்லை. விருந்தினருக்காக மலசலகூடம் திருத்தவும் மின்விசிறி வாங்கவும் கடன்படும் வீடுகள் உள்ளன. நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தத் தவணையைப் போரில் கணவனை இழந்த பெண்கள் சுமக்கும் மாவட்டங்களில் இது அற்ப விடயமன்று. வருவோர் விட்டுச்செல்லும் பணம் அக்கடனிலும் பெரிதாக இருக்கலாம். ஆயின் அது கொடையாக வருகின்றது, கைம்மாறாக அன்று. வன்னிக் கோயில்கள் பலவற்றின் சுவர்களில் உபயகாரர் பெயரும் அவர்தம் வெளிநாட்டு நகரமும் பொறிக்கப்பட்டுள்ளன. கோபுரம் உயர்கின்றது, காளாஞ்சியும் முதன்மரியாதையும் விமானத்தில் வருவோருக்குச் செல்கின்றன. ஆண்டு முழுவதும் முற்றம் கூட்டியவரும் பறையடித்தவரும் எங்கே நிற்கின்றனர் என்பதைக் கொண்டே ஒரு திருவிழாவின் மீட்சியை அளத்தல் வேண்டும். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களில் உழைப்பாற் பெரும்பங்கு வகிக்கின்றன. அவர்களுள் விமானத்தில் வரும் உறவினரையுடையோர் குறைவு. திருவிழா புலம்பெயர்ந்தோர் விழாவாகுந்தோறும் அவர்கள் பார்வையாளராகின்றனர்.

மற்றொரு வருகையும் இங்குப் பதிவுசெய்யப்படல் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முள்ளியவளைக்கு அடுத்த தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய ஊர்களின் மக்கள் அவர்களுள் அடங்குவர். போருக்குப் பின்னர் புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு பெருநாளுக்கு வந்து, பள்ளிவாசலில் தொழுது, இடிந்த வீட்டின் அத்திவாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டித் திரும்பியோரின் பயணம் கடல் கடந்ததன்று. ஆயினும் அதன் பொருள் அதுவே. கடல்நீர் விளக்கு எரியும் கோயிலுக்கு இத்துணை அருகில் இருந்த அயலாரின் வருகையைக் கணக்கிலெடாத தாயகம் திரும்புதல் பற்றிய பேச்சு அரைகுறையானது.

இனி நேரடியாகவே கூறலாம். வருதல் பயனுடையது என்பதே எனது துணிபு. ஆனால் ஆண்டுதோறும் வருவதும், ஒரு மாலைக்காக வருவதும் அத்தகைய பயனுடையன அல்ல. பணம் அனுப்புவதாற் கிட்டாததும் காணொளியாற் கிட்டாததும் ஒன்றே: பிள்ளை உறவினர் கூட்டத்துள் சில நாட்கள் பெற்றோரின் கண்காணிப்பின்றி இருத்தல். ஊர்ப் பிள்ளைகளோடு களப்புக் கரைக்குச் சென்றும், பாக்கு வாங்க வருவோரைத் திண்ணையில் இருந்து கண்டும், சிலம்பு கூறலைக் கேட்டு உறங்கிப்போயும் கழியும் நாட்களே அதற்குரியவை. அதற்குப் பிள்ளை தந்தையின் கைப்பிடித்து நடக்கும் பருவத்தினதாக இருத்தல் நன்று என்பதில் ஹில்லேல் மரபினரோடு உடன்படுகின்றேன். சிறிதளவேனும் தமிழ் பேசினால் மேலும் நன்று. பேசாவிடினும் பேன் பார்க்கக் கேட்ட கிழவியின் கதை விளங்கும்.

செலவைச் சுருக்குவதற்கும் வழியுண்டு. விடுதியும் வாடகை வாகனமும் தவிர்த்து உறவினர் வீட்டிற் தங்கி, அவ்வீட்டின் அன்றாடச் செலவைக் கொடையாகவன்றிப் பங்காக ஏற்றல் பழைய யாத்திரை முறைக்கு அண்மித்தது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரையும் அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதத்தில் மாங்குளத்தில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி வழியே பேருந்தில் வருதல், கொழும்பிலிருந்து இரவோடிரவாக வாகனத்தில் வருவதைவிடப் பிள்ளைக்கு நாட்டின் அமைப்பை உணர்த்தும். ஒட்டுசுட்டானைக் கடக்கும்போது காட்டைப் பார்க்கலாம். பண்டாரவன்னியன் 1803 ஐப்பசி இறுதியில் தோற்கடிக்கப்பட்ட கற்சிலைமடுவும் அவ்வழியை அண்டியே உள்ளது.

பாக்குத்தெண்டல் முதற் பொங்கல் வரை 14 நாள் எந்த வேலைத்தலமும் விடுமுறை தராது என்பர். அது மெய். ஆயின் இங்கிலாந்துப் பாடசாலைகளுக்கு மே இறுதியில் ஒரு கிழமை இடைத்தவணை விடுமுறை உண்டு. பூரணை அதனை அண்டி வரும் ஆண்டுகளிற் கடல்நீர் முகக்கும் திங்களுக்கும் பொங்கற் திங்களுக்கும் இடைப்பட்ட கிழமை அவ்விடுமுறையோடு ஏறக்குறைய ஒத்துவரும். அத்தகைய ஆண்டொன்றைத் தெரிந்து, ஞாயிற்றுக்கிழமையே முள்ளியவளை வந்து சேர்ந்து, மறுநாட் பிற்பகல் சிலாவத்தைக் கரையில் நிற்கும் குடும்பம் விளக்கு ஏற்றப்படுவதை முதலிற் காணும். அது எரியும் ஏழு நாளும் ஊரில் இருக்கும்.